பாட்டுக்குப் பட்டா யார் பெயரில்?

தேயிலைத் தோட்டக் கூலிகளின் கதையைச் சொன்ன 'என்ஜாய் எஞ்சாமி' உலகத்தைச் சுற்றி வந்தது. நிலத்தைப் பற்றி அது கேட்ட கேள்வி கடைசியில் அதன் மீதே திரும்பியது.

மூணாறிலிருந்து மறையூர் வழியாகக் காந்தலூருக்குப் போகும் பாதையில் இரண்டு விதமான மலைகள் வருகின்றன. முதலில் வருவது தேயிலை மலை. கத்தரித்து விட்டாற்போல் ஒரே மட்டத்தில் பச்சை. இடையிடையே லயங்கள், அதாவது ஒரு சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகள். மறையூரின் சந்தனக் காட்டைத் தாண்டி மேலே ஏறினால் மலையின் முகம் மாறிவிடுகிறது. படிப்படியாக வெட்டிய வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். வீட்டை ஒட்டியே ஆப்பிள், ஆரஞ்சு மரங்கள்.

இரண்டு மலைகளும் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. இரண்டிலும் கேட்கும் பேச்சு பெரும்பாலும் தமிழ். ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான் தூரம். ஆனால் ஒரு வித்தியாசம். காந்தலூரில் நிலம் வைத்திருக்கும் விவசாயி, தாத்தா நட்ட மரத்தைக் காட்டி "எங்களுடையது" என்று சொல்ல முடியும். தேயிலை மலையில் நான்கு தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பம் அப்படிச் சொல்ல முடியாது. வேலை இருக்கும்வரை லயம். ஓய்வு பெற்றால் காலி செய்துவிட்டுப் போக வேண்டும்.

இந்த வித்தியாசத்தைத்தான் ஒரு பாட்டு நான்கைந்து நிமிடங்களில் சொன்னது. 2021 மார்ச் 7 அன்று யூடியூபில் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' எந்தப் படத்திலும் இடம்பெறவில்லை. கதாநாயகன் இல்லை, கதாநாயகி இல்லை, வெளிநாட்டு மலைச்சரிவில் நடனமும் இல்லை. பாடியவர்கள் இருவர், தீ மற்றும் அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். காட்சிகளை இயக்கியவர் அமித் கிருஷ்ணன். வெளியிட்டது மாஜா என்ற புதிய நிறுவனம், ஏ.ஆர். ரஹ்மானின் ஆதரவோடு, சினிமாவுக்கு வெளியே இருக்கும் தமிழ்க் கலைஞர்களுக்கு உலக மேடை தருவதாகச் சொல்லி அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்தது.

தமிழில் சினிமாவுக்கு வெளியே ஒரு பாட்டு பிழைப்பது அரிது. எழுபதுகளில் இலங்கையிலிருந்து ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் தாண்டி வந்தது. அதற்குப் பிறகு தனிப்பாட்டு என்றால் பக்திப் பாட்டு அல்லது கட்சிப் பாட்டு என்ற நிலை. 2011-இல் உலகமே முணுமுணுத்த 'ஒய் திஸ் கொலவெறி டி' கூட '3' என்ற படத்துக்காகப் போட்டதுதான். 'என்ஜாய் எஞ்சாமி' இந்தக் கணக்கை மாற்றியது. யூடியூபில் அது பார்க்கப்பட்ட எண்ணிக்கை 40 கோடியைத் தாண்டிவிட்டது.

தமிழ் தெரியாதவர்களும் பார்த்தார்கள் என்பதற்கு இந்த எண்ணிக்கையே சாட்சி. கொரோனாவின் இரண்டாவது அலை எழுந்த 2021 ஏப்ரலில், முகக்கவசம் போடச் சொல்லிக் கேரளப் போலீசார் ஒரு விழிப்புணர்வு வீடியோ வெளியிட்டார்கள். காக்கிச் சீருடையில் அவர்கள் ஆடியது இந்த மெட்டுக்குத்தான். ஒரு தமிழ்ப் பாட்டை அண்டை மாநிலப் போலீசே இரவல் வாங்கியது என்றால், அது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆடுவதற்கு ஏற்ற தாளம், சட்டென்று ஒட்டிக்கொள்ளும் பல்லவி. கேட்டவர்களில் பலர் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் பாட்டுக்குள் ஒரு பாட்டி இருந்தாள்.

சிலோன் போய் வந்த கதை

அரக்கோணத்துக்காரரான அறிவு, பா. ரஞ்சித்தின் முயற்சியில் உருவான 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழுவில் பாடி அறியப்பட்டவர். 2019-இல் 'தெருக்குரல்' என்ற ராப் ஆல்பம் வந்தது. 2021 பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்' படத்தில் 'வாத்தி ரெய்டு' எழுதிப் பாடி, வெகுஜன ரசிகர்களிடமும் போய்ச் சேர்ந்திருந்தார். 'எஞ்சாமி' அவர் பாட்டி வள்ளியம்மாளின் கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நிலமற்ற கூலிகளாக உழைத்த முன்னோர்களின் கதை.

அந்தக் கதை ஒரு குடும்பத்தினுடையது மட்டுமல்ல. 1860-களின் கடைசியில் இலங்கையின் காப்பிச் செடிகளை இலைநோய் தாக்கியது. தோட்டத் துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். காப்பி பருவத்துக்குப் பருவம் ஆள் கேட்கும். தேயிலை ஆண்டு முழுக்க ஆள் கேட்கும். தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களிலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன குடும்பங்கள் மலையிலேயே தங்கிப்போயின. ஆட்களில் பெரும் பகுதி ஒடுக்கப்பட்ட சாதியினர், ஊரிலும் நிலம் இல்லாதவர்கள். போனவர்கள் காட்டை வெட்டினார்கள், செடி நட்டார்கள், பாதை போட்டார்கள். நிலம் வேறொருவர் பெயரில் இருந்தது.

1948-இல் சுதந்திரம் பெற்ற கையோடு இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 லட்சத்து 75 ஆயிரம் மனிதர்கள் கணக்குப் பார்த்துப் பிரிக்கப்பட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சம் 1 லட்சத்து 50 ஆயிரம் பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன.

திரும்பி வந்தவர்களில் கணிசமானோர் மறுபடியும் தோட்டத்துக்கே போனார்கள். நீலகிரியில் தமிழ்நாடு அரசின் 'டான்டீ' தேயிலைத் தோட்டங்கள், கேரளத்தில் புனலூரின் ரப்பர் தோட்டங்கள், கர்நாடகத்தில் சுள்ளியா பக்கத்து ரப்பர் தோட்டங்கள் ஆகியவை இவர்களுக்கு வேலை தருவதற்காகவே போடப்பட்டவை. அங்கே 'இந்தியாக்காரர்', இங்கே 'சிலோன்காரர்'. இரண்டு இடத்திலும் சொந்தமாகப் பிடி மண் இல்லை.

கடல் தாண்டாமலேயே இதே கதை நடந்த இடம் மூணாறு. 1877-இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு வாங்கிய மலைகள் பின்னர் தேயிலைத் தோட்டங்களாயின. அந்த மலைகளின் பெயரான 'கண்ணன் தேவன்' என்பதே காந்தலூர் அடங்கிய அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கின் தலைவர் ஒருவருடைய பெயர் என்று சொல்லப்படுகிறது. பெயர் தமிழருடையது, உழைப்பும் தமிழருடையது. திருநெல்வேலி, மதுரைப் பக்கத்திலிருந்து கூட்டிவரப்பட்டவர்கள். நிலம் மட்டும் எப்போதும் இன்னொருவருடையது.

அதன் விலை என்ன என்பதை 2020 ஆகஸ்ட் 6 இரவு காட்டியது. ராஜமலை அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் இறந்தார்கள். பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அதற்கு ஐந்தாண்டு முன்னால், 2015 செப்டம்பரில், இதே மலைகளின் பெண் தொழிலாளர்கள் எல்லாத் தொழிற்சங்கத் தலைவர்களையும் விலக்கி வைத்துவிட்டு மூணாறு நடுவீதியில் உட்கார்ந்து 20 சதவீத போனசை வாங்கிக் காட்டினார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று கேரளம் அதற்குப் பெயர் வைத்தது. போனஸ் கிடைத்தது. நிலமும் வீடும் கிடைக்கவில்லை.

பெட்டிமுடி நடந்து ஏழு மாதத்தில் 'எஞ்சாமி' வந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால், நட்டவன் தோட்டம் செழிக்க நட்டவன் மட்டும் தாகத்தோடு நிற்கிறான் என்ற அதன் குமுறல் இந்த மலைகளில் யாருக்கும் விளக்கம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஒப்பாரியும் தாலாட்டும்

'என் சாமி' என்பதன் பேச்சு வடிவம்தான் 'எஞ்சாமி'. கூலி ஆள் பண்ணையாரைக் கூப்பிட்ட சொல் அது. பாட்டி பேரனைக் கொஞ்சும்போது வாயில் வருவதும் அதே சொல். ஒரே சொல்லில் அடிமைத்தனமும் பாசமும். அதற்கு முன்னால் 'என்ஜாய்' என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டியதில்தான் பாட்டின் குறும்பு இருக்கிறது. ஆண்டையைக் கும்பிட்ட வாய், இப்போது பேரப்பிள்ளையிடம் "இந்த மண் உனக்கும்தான், அனுபவி" என்று சொல்கிறது.

கதை சொல்லிப் பாடுவது தமிழனுக்குப் புதிதல்ல. வில்லுப்பாட்டும் கதைப்பாடலும் உடுக்கடிப் பாட்டும் செத்தவர்களின் வரலாற்றைத்தான் சொல்லி வந்தன. படிப்பறிவு மறுக்கப்பட்டவர்களுக்கு ஒப்பாரிதான் ஆவணம். யார் பிறந்தார்கள், யார் போனார்கள், யார் ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் பதிவானது அதில்தான். தீயின் குரலில் மென்மையாகத் தொடங்கி, அறிவின் ராப்பில் வேகம் பிடித்து, ஒப்பாரியின் இழுவையைத் தொடும் 'எஞ்சாமி'யில் இந்த மரபு பாப் இசையின் உடையைப் போட்டுக்கொண்டு வந்தது. பறவையும் நாயும் பூனையும் உட்பட எல்லா உயிருக்கும் மண்ணில் பங்கு உண்டு என்ற பேச்சு கேட்பவரை முதலில் சிரிக்க வைக்கிறது. பிறகுதான் உறைக்கிறது.

நிலம் யாருடையது என்று கேட்ட பாட்டு அதே ஆண்டு ஆகஸ்டில் தானே கூண்டில் ஏறியது.

அட்டையில் இல்லாத முகம்

'என்ஜாய் எஞ்சாமி'யையும் 'சார்பட்டா பரம்பரை' படத்தின் 'நீயே ஒளி'யையும் கொண்டாடி 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' பத்திரிகை 2021 ஆகஸ்டில் வெளியிட்ட அட்டைப் படத்தில் தீயும், கனடாவில் வாழும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். இரண்டு பாட்டையும் எழுதிய அறிவு இல்லை. பிரெஞ்சு டி.ஜே. ஸ்னேக் செய்த மறு கலவைக்காக நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் வைத்த விளம்பரத்திலும் அறிவின் முகம் இல்லை. எழுதியவன் மீண்டும் ஒருமுறை மறைக்கப்பட்டுவிட்டான் என்று பா. ரஞ்சித் வெளிப்படையாகக் குற்றம் சாட்டினார். கண்டனம் வலுத்த பிறகு பத்திரிகை அறிவுக்காகத் தனியே ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது.

ஓராண்டு கழித்து மறுபடியும் அதே கதை. 2022 ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் 44-வது செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. பிரதமரும் முதலமைச்சரும் அமர்ந்திருந்த அவையில் 'எஞ்சாமி' ஒலித்தது. மேடையில் தீயும், 'கர்ணன்' படத்தில் பாடிய கிடக்குழி மாரியம்மாளும். அறிவு இல்லை.

சில நாளில் அறிவு ஓர் அறிக்கை வெளியிட்டார். பாட்டை உருவாக்கி, எழுதி, பாடி, நடித்தது தான். யாரும் மெட்டோ ஒரு சொல்லோ தரவில்லை. ஏறக்குறைய ஆறு மாதம் தூக்கமில்லாமல் உழைத்தது என்பது அதன் சாரம். கூட்டு உழைப்பை அவர் மறுக்கவில்லை. அதற்காக அது வள்ளியம்மாளின் வரலாறு இல்லை என்று ஆகிவிடுமா என்பதே அவர் கேள்வி.

சந்தோஷ் நாராயணனும் பதில் அறிக்கை விட்டார். 2012-இல் ரஞ்சித்தின் 'அட்டகத்தி'யில் அறிமுகமான இவர், சென்னையின் கானாவையும் பறையையும் சினிமா இசையின் நடுவுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர். இயற்கையைக் கொண்டாடும் ஒரு பாட்டு என்ற முதல் எண்ணத்தை 2020 டிசம்பரில் சொன்னவர் தீ; இசையமைத்து, ஒழுங்கு செய்து, பதிவு செய்தது தான்; எழுதியது அறிவு; வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று அவர் சொன்னார். விழாவின்போது அறிவு அமெரிக்காவில் இருந்தார் என்பது அவர் தந்த விளக்கம். அறிவுக்கு உரிய பெருமையை எங்கும் மறைத்ததில்லை என்று தீயும் எழுதினார்.

ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு பக்கம், சாதி பற்றிய கேள்வி. சேரியிலிருந்து வந்தவனின் கதை வேண்டும், சொல் வேண்டும், முகம் மட்டும் வேண்டாமா? இன்னொரு பக்கம், தொழில் பற்றிய கேள்வி. பாட்டு என்பது சொல் மட்டுமா? மெட்டும் குரலும் ஒலிக்கலவையும் இல்லாமல் அந்தக் கதை உலகத்தின் காதில் விழுந்திருக்குமா? இரண்டு கேள்வியிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை லேசில் ஓயவில்லை.

சட்டத்தின் மூன்று பெட்டிகள்

சட்டம் என்ன சொல்கிறது? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் ஒரு பாட்டு மூன்று தனித்தனிச் சொத்து. வரிகள் இலக்கியப் படைப்பு, அது எழுதியவருடையது. மெட்டு இசைப் படைப்பு, அது அமைத்தவருடையது. பதிவான ஒலி மூன்றாவது. அது பதிவுக்கு ஏற்பாடு செய்த தயாரிப்பாளருடையது. இவை தவிர, பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை உண்டு. 2012 திருத்தத்துக்குப் பிறகு, வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டிப் பங்கை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. வருமானத்தில் சரிபாதி அவர்களுக்கு வந்தாக வேண்டும். பழைய காலத்தில் மொத்தத் தொகை ஒன்றை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன கவிஞர்களையும் இசையமைப்பாளர்களையும் நினைத்தால், இது பெரிய மாற்றம்.

ஆனால் இந்த மூன்று பெட்டியிலும் அடங்காத ஒன்று இருக்கிறது. ராப் பாடகன் தாளத்தோடு சொல்லும் சொல்லில் வரி எங்கே முடிகிறது, மெட்டு எங்கே தொடங்குகிறது? பாட்டியின் ஒப்பாரி இழுவை யாருடைய இசைப் படைப்பு? எழுதி வைக்காத, எல்லோரும் பாடிய, யாரும் பெயர் போடாத பாட்டுக்குச் சட்டத்தில் உரிமையாளர் இல்லை. பட்டா இல்லாத புறம்போக்கு மாதிரி. வேலி போட்டு முதலில் பதிவு செய்பவருக்கே அது போய்ச் சேர்கிறது. வள்ளியம்மாள்களின் நிலத்துக்கு நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

கதையின் கடைசித் திருப்பம் 2024 மார்ச்சில் வந்தது. பாட்டு வெளியாகி மூன்றாண்டு நிறையும் வேளையில் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோ வெளியிட்டார். மூன்றாண்டில் தனக்கோ தீக்கோ அறிவுக்கோ 'எஞ்சாமி'யிலிருந்து ஒரு பைசாவும் வரவில்லை என்றார். ரஹ்மான் தங்களுக்குத் துணையாக நின்றதாகவும், அவரும் பொய் வாக்குறுதிகளால் பாதிக்கப்பட்டவரே என்றும் சொன்னார். மாஜா நிறுவனம் குற்றச்சாட்டை ஏற்கவில்லை.

யார் கணக்கு சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டின் பணம், கேட்டவருக்கும் பாடியவருக்கும் நடுவே பல கை மாறுகிறது. தளம் தன் பங்கை எடுக்கிறது. விநியோகிப்பவர் எடுக்கிறார். நிறுவனம் போட்ட செலவை முதலில் கழிக்கிறது. மிஞ்சுவதுதான் கலைஞனுக்கு. எவ்வளவு வந்தது, எங்கே போனது என்ற பேரேடு கலைஞன் கையில் இருப்பதில்லை. கொழுந்து எடையை அளக்கும் தராசு பறித்தவள் கையில் இல்லாததைப் போலத்தான்.

இரண்டாண்டுக்கு முன்னால் எதிரெதிராக அறிக்கை விட்டவர்கள் இந்த வீடியோவின் கணக்கில் ஒரே வரிசைக்கு வந்துவிட்டார்கள். வரி எழுதியவர், மெட்டமைத்தவர், குரல் கொடுத்தவர் என்ற பேதம் இல்லாமல் மூன்று பேருக்கும் ஒரே குறை. நட்டவர்கள் ஒரு பக்கம், விளைச்சல் இன்னொரு பக்கம்.

அறிவு அதே ஆண்டு தன் ஆல்பம் ஒன்றை வெளியிட்டார். பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'. யார் வரலாறு என்ற கேள்விக்கு இந்த முறை தலைப்பிலேயே பதில் எழுதிவிட்டார். எந்த அட்டையும் அந்தப் பெயரைத் தவிர்க்க முடியாது.

பாட்டுக்காவது இந்த வழி இருந்தது. பேரன் படித்தான், மைக் பிடித்தான், பெயரை எழுதிக்கொண்டான். தேயிலை மலைக்கு அந்த வழி இன்னும் திறக்கவில்லை. காந்தலூர் போகும் பேருந்து லயங்களைக் கடந்துதான் மேலே ஏறுகிறது. ஓய்வு பெறும் நாளில் எங்கே போவது என்ற கேள்வி அந்த வரிசை வீடுகளில் இன்றும் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது பாடகர்கள் இல்லை.